ஒரு கன்னடச் சொல்லும் நாற்பத்தாறு வீட்டு ராகியும்

என்.ஆர். மொகல்லா,
மைசூர்.
ஆகஸ்டு 14

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சென்னப்பன் அவர்களுக்கு, உங்கள் மச்சான் ரத்தினவேல் கைகூப்பி எழுதிக்கொள்வது.

இவ்விடம் என் சம்சாரம் சுந்தராம்பாள் சுகம். வாசல் முருங்கை சுகம். என்னைப் பற்றி ஒரு வார்த்தையில் எழுத முடியாததால்தான் கடைக்குப் போய் இத்தனை தாள் வாங்கி வந்தேன். அவ்விடம் தாங்களும், என் தங்கை தேவம்மாவும், பிள்ளைகளும், ஆடு மாடுகளும் சுகமாய் இருக்க மாதேஸ்வரனை வேண்டுகிறேன். உங்கள் ராகிக் காடு எப்படி இருக்கிறது என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏன் அப்படி இருக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இக்கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நாலு தடவை கூப்பிட்டேன். நாலு தடவையும் தேவம்மா எடுத்து, "சோறு உண்டாச்சாண்ணா?" என்றாள். "ஆச்சும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐந்தாம் தடவை நீங்களே எடுத்தீர்கள். என் குரல் கம்மியிருப்பதைக் கேட்டு, "வானம் பண்ணுன வேலைக்கு நீங்க எதுக்கு மச்சான் விசனப்படறீங்க? பூமி எங்கயும் ஓடிப் போகாது, விடுங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னீர்கள். நானும் "ஆமா மாப்பிள்ளை, வானத்தை யாரு கேக்கறது" என்றேன். வானம் பண்ணவில்லை மாப்பிள்ளை. நான் பண்ணினேன். காயவிட்டது மட்டும்தான் வானம். விதைக்க வைத்தது நான்.

தாங்கள் அறிந்தபடி ஆண்டவன் எனக்கு அழகு கொடுக்கவில்லை, சொத்து கொடுக்கவில்லை, குரலைக் கொடுத்தான். ரப்பர் ஃபாக்டரியில் முப்பத்துநாலு வருஷம் வாசல் கூட்டம் என்றால் மைக் என் கையில்தான். பொங்கல் விழா என்றாலும் நான்தான். ரிடையர் ஆன பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போய், தக்காளி வண்டிக்காரனிடம் ஒரு கிலோ கேட்பதையே நான் வரவேற்புரை மாதிரி கேட்க ஆரம்பித்ததும், சுந்தராம்பாள் என்னைக் கடைக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டாள். இந்த நிலையில்தான் போன சித்திரையில் நெல-ஜல என்று நிலத்துக்கும் நீருக்குமான ஒரு டிரஸ்ட்டில் இருந்து சௌம்யா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மண்டியா பக்கத்துப் பெண், விவசாயம் படித்தது. "சார், இப்பல்லாம் மழை பழைய கணக்குக்கு வர்றதில்லை, ஒரு வாரம் கொட்டுது, ஒரு மாசம் காயுது, ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கவங்க ஒரு தடவை விதை போச்சுன்னா எந்திரிக்க முடியாது, அதனால எப்ப விதைக்கணும், எந்த விதை சீக்கிரம் விளையும், ராகி நடுவுல எத்தனை சால் அவரை போடணும்னு நாங்க போன்ல சொல்றோம்" என்று அவள் கன்னடத்தில் சொன்னதை நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். கௌதள்ளியில் கன்னட எழுத்துப் படிக்கத் தெரியாத நாற்பத்தாறு தமிழ் வீடுகளுக்கு அதைத் தமிழில் பேசி அனுப்ப ஒரு குரல் வேண்டும் என்றாள். என் தங்கையைக் கொடுத்த ஊர்! நான் காபி கொண்டுவரச் சொன்னேன்.

காபி குடித்துக்கொண்டே அவள் ஒரு கேள்வி கேட்டாள். "சார், நிமகே கன்னட ஓதோக்கே பருத்தா?" கன்னடம் வாசிக்க வருமா என்று. அதற்கு நான் நெஞ்சை நிமிர்த்தி, "நல்வத்து வர்ஷ மைசூரல்லி இத்தீனம்மா!" என்றேன். நாற்பது வருஷமாய் மைசூரில் இருக்கிறேன் என்று. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் அந்தப் பெண் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள், நானும் விட்டுவிட்டேன்.

உண்மையை உங்களுக்கு இப்போதுதான் சொல்கிறேன், முந்தாநாள்வரை சுந்தராம்பாளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குக் கன்னடம் பேச வரும், சண்டை போட வரும், மீன் பேரம் பேச வரும். எழுத்து வராது. ஃபாக்டரியில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டே முப்பத்துநாலு வருஷம் ஓட்டிவிட்டேன். பஸ்ஸில் முதல் எழுத்தைப் பார்த்து ஏறுவேன். அப்படித்தான் ஒரு முகூர்த்தத்துக்கு ஹுணசூர் போக வேண்டியவன் ஹாசன் பஸ்ஸில் ஏறி, ஹொளெநரசிபுரத்தில் பட்டுப்புடவையோடு சுந்தராம்பாளை இறக்கிவிட்டு, "சும்மா ஊர் பாக்கலாம்னுதான்" என்று சொன்னவன் நான். யாராவது தாளை நீட்டினால் "கண்ணாடி மறந்துட்டேனே" என்பேன். அந்த ஒரு வரியில்தான் மாப்பிள்ளை நான் இந்த ஊரில் காலம் தள்ளியிருக்கிறேன்.

டிரஸ்ட் செய்தி காலை எட்டு மணிக்குப் போனில் கன்னட எழுத்தில் வரும். நான் அதை எடுத்துக்கொண்டு காம்பவுண்டு சுவர் ஓரம் போய் நிற்பேன். பக்கத்து வீட்டு சுசித்ரா துணி காயப் போட்டுக்கொண்டிருப்பாள். "கண்ணாடி மறந்துட்டேன் சுசித்ரா" என்றதும் அவள் படித்துச் சொல்வாள். அவ்வளவுதான், உள்ளே ஓடிவந்து, எதிரொலி கேட்கக்கூடாது என்று சௌம்யா சொன்னதால் பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு, "கௌதள்ளி உழவர் பெருமக்களே, வணக்கம்!" என்று ஆரம்பிப்பேன். ஒரு தடவை குக்கர் விசில் அதில் விழுந்து, அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பார் என்று உங்கள் ஊர் முழுக்கத் தெரிந்த கதை உங்களுக்கே தெரியும். மூன்று மாசம் ஒரு பிசகு இல்லை. வைகாசியில் உங்க ஊர் கோயில் நோம்பிக்கு வந்தபோது, பெரியவர் ஜடையன் என் ரெண்டு கையையும் பிடித்து, "மழை சொல்ற சாமி நீங்கதானுங்களா?" என்று கண்ணில் ஒத்திக்கொண்டார். நீங்கள் பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்தீர்கள். மைசூர் வந்ததும் நான் ஒரு சால்வை வாங்கினேன். யாரும் போர்த்தவில்லை, நானே வாங்கினேன். பீரோவுக்குள் தலையை விடும்போது அதைப் போட்டுக்கொள்வேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதி. முந்தின ரெண்டு நாளும் உங்களுக்கு நல்ல மழை, மண் நனைந்து கிடந்தது, எல்லாரும் விதைப்பெட்டியைத் திறந்துவைத்து என் செய்திக்குக் காத்திருந்தீர்கள். காலையில் செய்தி வந்துவிட்டது. சுவர் ஓரம் போனேன், துணி இல்லை. சுசித்ரா தங்கச்சி வளைகாப்புக்குப் பெங்களூர் போயிருந்தாள். சரி, மெடிக்கல் ஷாப் பையனிடம் கேட்கலாம். அவனிடம் கண்ணாடிக் கதையைச் சொல்ல முடியாது, கண்ணாடி வாங்க நல்ல கடை சொன்னவனே அவன்தான். சௌம்யாவுக்குப் போன் போட்டு "என்னம்மா எழுதியிருக்கே?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்து வேலை. கேட்கவில்லை. நாற்பது வருஷம் என்று சொல்லிவிட்டேனே! நானே உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். ஒண்ணேகால் மணி நேரம். சுந்தராம்பாள் வந்து, "கணக்குப் பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

முதல் வரி இப்படி வந்தது: "ராகி பித்தனெயன்னு மூரு வார முந்தூடி." பித்தனெ என்றால் விதைப்பு, தெரியும். மூரு வார என்றால் மூணு வாரம், தெரியும். முந்தூடி? சந்தையில் இந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முந்து, ஓடு. இதில் என்ன சந்தேகம்? மூணு வாரம் முந்தி ஓடச் சொல்கிறார்கள். மூணு வாரம் எப்படி முந்துவது, அது போன மாசம் அல்லவா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆண்டவன் கொடுத்த அந்த ஒரு நிமிஷத்தை நான் வீணாக்கினேன் மாப்பிள்ளை. ஓகோ, நாம் ஏற்கெனவே மூணு வாரம் பிந்திவிட்டோம், அதனால் அவசரப்படுத்துகிறார்கள் என்று நானே ஒரு அர்த்தம் கட்டினேன். ரெண்டாவது வரி நீளமாக இருந்தது. அதில் "மளெ" என்ற எழுத்து மட்டும் புரிந்தது. மழைதானே, வருகிறது போல என்று அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அப்புறம் சால்வையைப் போட்டுக்கொண்டு பீரோவுக்குள் தலையை விட்டு நான் பேசியது உங்கள் காதில் இன்னும் இருக்கும்: "முந்துங்கள்! ஓடுங்கள்! பிந்திவிட்டோம் உழவர்களே! பெட்டியில் தூங்கும் ராகி மண்ணுக்கு வரட்டும், இன்றே, இப்பொழுதே!" பேசி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. சுந்தராம்பாளைக் கூப்பிட்டு ஒரு தடவை போட்டுக் காட்டினேன். "எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்றாள். பொறாமை என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு அம்மா போன் செய்தார்கள். உங்க தெருக்கோடி கெம்பம்மா, புருஷன் இல்லாமல் ஒண்ணரை ஏக்கரை ஒத்தையாய்ப் பார்க்கிறவர். "சாமி, உங்க கொரலக் கேட்டதும் நிக்க முடியலீங். ஏர் ஆளைப் புடிச்சு முச்சூடும் வெதைச்சுப்போட்டனுங்" என்றார். நல்லதும்மா என்றேன். ஒரு வாரம் கழித்து, "மொளைச்சிருக்குதுங் சாமி, பச்சைப் பசேல்னு" என்றார். சந்தோஷம்மா என்றேன். இன்னும் ஒரு வாரம் கழித்து, "சாமி, மழை எப்பங்க? நுனியெல்லாம் சுருளுது" என்றார். வரும்மா, வரும் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு மைசூரில் ஒரு தூறல் போட்டது. அதைப் பார்த்து, அங்கேயும் பெய்யும் என்று சொல்லிவிட்டேன். நூறு கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் பெய்யாத மழையை என் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்த புத்திசாலி நான். அதற்கப்புறம் அந்த அம்மா போன் செய்யவில்லை. செய்யாததுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இதற்குள் ஜூலை கடைசியில் எங்கள் தெருச் சமுதாயக்கூடத்தில் இலவசக் கண் முகாம் என்று சொன்னார்கள். போனேன். கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு, "முந்தூடிதாரெ சார், முந்தின வார பன்னி" என்றார். அதே வார்த்தை. "ஏனு?" என்று கேட்டேன். என்னது என்று. "முந்தூடிதாரெ சார். டாக்டர் இல்லை. முந்தக்கே ஹாக்கிதாரெ." முந்தக்கே ஹாக்குவது என்றால் எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, ஒத்திப்போடுவது. அதையேதான் எழுத்துக் கன்னடத்தில் முந்தூடு என்கிறார்கள். விதைப்பை மூணு வாரம் ஒத்திப்போடுங்கள் என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். நான் உங்களை ஓடச் சொல்லியிருக்கிறேன். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. முந்தின வாரம் என்றால் நமக்குப் போன வாரம், அவர்களுக்கு அடுத்த வாரம்; அடுத்த வாரம் வாருங்கள் என்றுதான் காவல்காரர் சொன்னார். அது எனக்கு நாற்பது வருஷமாய்த் தெரியும், எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அது தெரிந்தவனுக்கு இது தட்டவில்லை. அந்தக் காவல்காரர் ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். அவர் பாவம் எழுந்து இடம் கொடுத்து, கண் ரொம்ப மோசமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இதுவரைக்கும் எழுதியது முட்டாள்தனம். இனிமேல் எழுதப்போவதுதான் பாவம். தேவம்மா பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படியுங்கள்.

மறுநாள் சௌம்யா போன் செய்தாள். கௌதள்ளியில் முளைத்ததெல்லாம் கருகிவிட்டது, டிரஸ்ட் சொல்லித்தான் விதைத்தோம் என்று ஜனங்கள் சொல்கிறார்கள், நான் தள்ளிப்போடத்தானே எழுதினேன், நீங்கள் என்ன சார் சொன்னீர்கள் என்று கேட்டாள். நான் அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "நீ அனுப்பினதைத்தானேம்மா நான் பேசினேன்" என்று வந்தது. "சரி சார், நானே தப்பா எழுதியிருப்பேனோ என்னவோ, பாக்கறேன்" என்று வைத்துவிட்டாள். எழுதினதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள் பாவம், தன் எழுத்தையே நம்பாமல். டிரஸ்ட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. விசாரித்து முடிக்கும்வரை செய்தி அனுப்ப வேண்டாம் என்று அவளை நிறுத்திவைத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாள் உங்களுக்கு ஒரு செய்தியும் வராமல் இருந்ததற்குக் காரணம் டவர் என்று உங்களிடம் சொன்னேனே, டவர் இல்லை. நான்தான். என் மகள் வயசு. நான் இங்கே சால்வையை மடித்து வைத்துவிட்டு, மூணு வேளையும் தின்றுகொண்டு இருந்தேன்.

முந்தாநாள் டிரஸ்ட் ஆபீசில் கூட்டம். என்னையும் வரச் சொன்னார்கள். தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து என் பேச்சைப் போட்டுக் கேட்கப் போகிறார்கள் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது. அது தெரிந்ததால்தான் எழுந்து சொன்னேனா, அது இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள். நானும் ரெண்டு நாளாய் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சௌம்யா மூலையில் ஒரு ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தலைவர் ஒரு தாளை என்னிடம் நீட்டி, "இதுதான் அன்றைக்கு அனுப்பினது, கொஞ்சம் சத்தமாய் வாசியுங்கள்" என்றார். கை பழக்கம், வாய் பழக்கம். "கண்ணாடி மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சௌம்யாதான் மெதுவாக, "சார், கன்னடக மூகின மேலே இதெ" என்றாள். கண்ணாடி மூக்கின் மேல் இருக்கிறது என்று. கண்ணாடிக்குக் கன்னடத்தில் கன்னடக என்று பேர் மாப்பிள்ளை. நான் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "கன்னடக இருக்கும்மா. கன்னடம்தான் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. உன் மேல தப்பே இல்லை. நீ ஒத்திப்போடச் சொன்னதை நான் ஓடச் சொல்லிட்டேன்" என்று சொன்னேன். பொங்கல் மேடையில் பேசுகிற குரல் இல்லை. அது எங்கே போனது என்று தெரியவில்லை.

திட்டுவார்கள் என்று நின்றேன். யாரும் திட்டவில்லை. ஒருத்தர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அது எனக்குத் தகும். சௌம்யா அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வெளியே வரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "மொதலே ஹேளித்ரெ நானே ஓதி ஹேள்தித்னல்லா சார்?" முன்னாடியே சொல்லியிருந்தால் நானே தினமும் போனில் படித்துச் சொல்லியிருப்பேனே என்று. அவ்வளவுதான் மாப்பிள்ளை. ஒரு நிமிஷப் போன். அந்த ஒரு நிமிஷ வெட்கத்தை மிச்சம் பிடிக்கப் போய், நாற்பத்தாறு வீட்டு விதையைக் கருகவிட்டு, ஒரு பெண்ணைப் பன்னிரண்டு நாள் மூலையில் உட்கார வைத்துவிட்டேன்.

டிரஸ்ட்டின் விதைக் கிடங்கில் சீக்கிரம் விளைகிற ராகி இருக்கிறதாம், இந்த மாசக் கடைசிக்குள் விதைத்தால் தை பிறப்பதற்குள் அறுத்துவிடலாம், அதுவும் தவறினால் கொள்ளு போடலாம், எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறோம் என்றார்கள். எல்லாத்தையும் ஒரே விதையாய்ப் போடாமல் பாதி ராகி, பாதி கொள்ளு, நடுவில் அவரை என்று பிரித்துப் போட்டால், ஒன்று போனாலும் ஒன்று சோறு போடும் என்று சௌம்யா சொல்லச் சொன்னாள். இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், என் சரக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. கெம்பம்மாவின் ஏர்க்கூலியை நான் தருவதாய் இருக்கிறேன். அவர் வாங்கமாட்டார், நீங்கள்தான் எப்படியாவது கொடுக்க வேண்டும். ஜடையன் ஐயாவிடம் நான் சாமி இல்லை என்று பக்குவமாய்ச் சொல்லுங்கள்.

இனி என் வாயால் கௌதள்ளிக்கு ஒரு வார்த்தை வராது. டிரஸ்ட்டுக்கும் வேறு குரல் பார்க்கச் சொல்லிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு உங்கள் ஊர் எல்லையை மிதிக்க மாட்டேன், எந்த முகத்தோடு வருவது? சுசித்ராவிடம் உண்மையைச் சொல்லி, ஒன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கிக் கன்னடம் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். "உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும் சார்" என்றாள். நாள் தவறாமல் சுவர் ஓரம் நின்று நான் ஏமாற்றியதாய் நினைத்தேன்.

தேவம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்; ஆசி சொல்லும் தகுதி திரும்ப வந்தபிறகு அவை செல்லுபடியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காட்டுக்கு நல்ல மழை, நல்ல நேரத்தில், யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பெய்யட்டும்.

தலை குனிந்து,
ரத்தினவேல்

பி.கு.: தபால்தலை ஒட்டின பிறகு சௌம்யா போன் செய்தாள். வேறு தமிழ்க் குரல் கிடைக்கவில்லையாம். நான் முடியாது என்றேன். "விதை வண்டி சனிக்கிழமை போகுது, ஜனங்களுக்கு யார் சார் சொல்றது?" என்றாள். செய்தியை ரெண்டு தடவை வாசித்துக் காட்டினாள், நான் ரெண்டு தடவை திருப்பிச் சொன்னேன், பீரோவுக்குள் தலையை விடாமல் அடுக்களையிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டேன். கடைசியில் ஜூலை விதைப்பு என் தப்பு, சௌம்யாவின் தப்பு இல்லை என்பதையும் நாற்பத்தாறு வீட்டுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன். ஆகவே மேலே நான் ஐந்து தாளில் எழுதினதை எல்லாம் இந்நேரம் நீங்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே கேட்டிருப்பீர்கள். வண்டியில் என்னையும் வரச் சொல்லிவிட்டாள். இந்தக் கடிதம் திங்கட்கிழமைதான் வந்து சேரும், அதற்கு முன்னால் நான் வந்து நிற்பேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. வாயால் சொன்னதில் பாதிதான் இருக்கிறது. சனிக்கிழமை வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு நீங்கள் வரவேண்டாம் மாப்பிள்ளை, நீங்கள் ஆறுதல் சொல்வீர்கள், எனக்குத் தாங்காது. தேவம்மாவை மட்டும் அனுப்புங்கள். வீடு வரைக்கும் அவள் என்னைத் திட்டிக்கொண்டே கூட்டிப் போனால், மற்றவர்களுக்குத் திட்ட ஒன்றும் மிச்சம் இருக்காது.